மாணவர்கள் எழுதும் அரசு மென்பொருள்: அடுத்த ஜூனில் யார் பார்ப்பார்கள்?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பக்கத்துப் பேரூராட்சியின் செயல் அலுவலர், குடிநீர், தெருவிளக்குப் புகார்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 24 பேர் ஆர்வமாக இருக்கிறார்கள். அஜைல் முறையில், அதாவது சிறு சிறு கட்டமாகச் செய்து பயன்படுத்துகிறவரிடம் காட்டித் திருத்திக்கொண்டே செய்து, நிரலை (சோர்ஸ் கோடை) யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி ஓப்பன் சோர்ஸாக வெளியிடலாம் என்பது என் எண்ணம். ஆனால், “சோர்ஸ் கோடை எல்லாரும் பார்க்கலாம்னா ஹேக் பண்ணிட மாட்டாங்களா?” என்று அலுவலர் தயங்குகிறார். மாணவர்களால் வாரத்துக்கு 6 மணி நேரம்தான் ஒதுக்க முடியும், நடுவில் தேர்வுகள் வேறு. இன்டர்னல் மதிப்பெண் எப்படிப் போடுவது? உண்மையில் இது நடக்கிற காரியமா?

பதில்: வணக்கம். நடக்கிற காரியம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இந்த 24 பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் மென்பொருள் திறக்க மறுத்தால், பேரூராட்சி இளநிலை உதவியாளர் யாருக்கு போன் செய்வார்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால், நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். பதில் கிடைக்காவிட்டால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் அலுவலரிடம் நன்றி சொல்லி, ஒரு நல்ல எக்செல் கோப்பு செய்து கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். கேலியாகச் சொல்லவில்லை. பல சிறிய அலுவலகங்களுக்கு அதுவே போதும்.

மாணவர்களால் முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. 2017 முதல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நடக்கிறது. 36 மணி நேரம் தூங்காமல் உட்கார்ந்து, அமைச்சகங்கள் கொடுத்த சிக்கல்களுக்கு நம் பிள்ளைகள் செய்துகாட்டிய மாதிரிகளைப் பார்த்தால் திறமையைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் அரசு மென்பொருளுக்கு வாழ்க்கை தொடங்குவதே பரிசு வாங்கிய மறுநாளிலிருந்துதான். புதிய வரி விகிதம் வரும், வார்டு எல்லை மாறும், ஆபரேட்டர் ஓய்வு பெறுவார், சர்வர் உரிமம் முடியும். அதையெல்லாம் பார்த்துக்கொள்ள 36 மணி நேரம் போதாது.

மாணவர் உழைப்பும் அரசும் சேர்ந்து நிலைத்த கதை ஒன்று உண்டு. உங்கள் அலுவலரிடம் சொல்ல உதவும். டிஹெச்ஐஎஸ் 2 என்று ஒரு சுகாதாரத் தகவல் மென்பொருள். நிறவெறி ஆட்சி முடிந்த 1990களில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பகுதியில், உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. ஆரம்பப் பதிப்பு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்ட சாதாரண விஷயம்தான். பிறகு இணையத்தில் ஓடும்படி ஜாவா என்ற நிரல் மொழியில் புதிதாக எழுதினார்கள். அந்த இரண்டாம் பதிப்பு முதன்முதலில் களத்துக்கு வந்த இடம் எது தெரியுமா? 2006-ல் நம் பக்கத்துக் கேரளம். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. முழுக்கத் திறமூலம், அதாவது ஓப்பன் சோர்ஸ். முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களின் உழைப்பு ஆரம்பத்திலிருந்தே அதில் இருக்கிறது.

2020 ஜனவரியில் இலங்கை என்ன செய்தது என்று பாருங்கள். கொரோனா உள்ளே வரும் முன்பே, விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளைப் பதிந்து தொடர்ந்து கவனிக்க இந்த மென்பொருளின் மேல் ஒரு தொகுதியை உள்ளூர்க் குழு சில நாட்களில் கட்டிவிட்டது. திறந்து வைத்ததால் மற்ற நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. கடைசியில் மென்பொருள் பிறந்த நார்வேயிலேயே, தொடர்புகளைக் கண்டறிய நகராட்சிகள் இலங்கை வழியைப் பின்பற்றின.

இது ஏன் நிலைத்தது? மாணவர்கள் வந்து வந்து போனார்கள். ஆனால் நடுவில் சம்பளம் வாங்கும் ஒரு நிரந்தரக் குழு பல்கலைக்கழகத்தில் இருந்தது, அதற்கு நார்வே அரசின் வளர்ச்சி நிதியும் இருந்தது. நாட்டுக்கு நாடு உள்ளூர்க் குழுக்கள் இருந்தன. எந்தக் கட்டத்திலும் மாணவர் ஒருவர் மட்டுமே பொறுப்பு என்ற நிலை வரவில்லை. உங்கள் பேரூராட்சிக்கு நார்வே நிதி வேண்டாம்தான். ஆனால் நடுவில் நகராமல் நிற்கிற ஒரு ஆள் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இலங்கையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கொழும்பில் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சுற்றி தன்னார்வலர்கள் கூடி சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினார்கள். காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவி அமைப்புகள், கோரிக்கைகள் என்று தனித்தனிப் பதிவேடுகள். அவசரத்தில் பிறந்த முதல் நிரலை அப்படியே நீட்டிக்க முடியாமல், பிறகு ஸ்வீடன் அரசு நிதியுதவியோடு புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்த மறு எழுத்துதான் அடுத்து பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. முதல் வேகத்தில் எழுதுவதைத் தூக்கிப்போடத் தயாராக இருங்கள் என்று உங்கள் மாணவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, அலுவலரின் பயத்துக்கு வருவோம். நிரல் வேறு, தரவு வேறு. இதை அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பாதி பயம் போய்விடும். திறந்து வைப்பது புகாரை எப்படிப் பதிவது, எப்படிப் பட்டியலிடுவது என்ற செய்முறையை. யார் புகார் கொடுத்தார், அவர் கைபேசி எண் என்ன என்பது அலுவலகத்தின் கணினியை விட்டு வெளியே வராது. அரசுத் தளங்கள் தாக்கப்படுவது பெரும்பாலும் யாரோ நிரலைப் படித்துவிட்டதால் இல்லை. மாற்றப்படாத கடவுச்சொல், புதுப்பிக்கப்படாத சர்வர், பழைய ஊழியரின் மூடப்படாத கணக்கு இவைதான் வழக்கமான வாசல்கள். அந்த வாசல்கள் மூடிய நிரலிலும் இருக்கும், ஒரு வித்தியாசம், அதை யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு, அது உங்கள் மாணவர்கள் சம்பந்தப்பட்டது. தரவுத்தளக் கடவுச்சொல்லையும் எஸ்எம்எஸ் சேவைக்கான ரகசியச் சாவியையும் நிரலோடு சேர்த்து, நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுவது மாணவர்களின் பழக்கம். பிறகு அழித்தாலும், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அது இருக்கும். முதல் வாரமே இதை ஒரு வகுப்பாக எடுங்கள். அதேபோல் சோதனைக்கு உண்மையான புகார்ப் பதிவேட்டைப் படியெடுக்கக் கூடாது. பெயரும் எண்ணும் போலியாக உருவாக்கிக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியில் உண்மைத் தரவை ஒட்டக் கூடாது என்பதும் இதில் சேர்த்தி. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு என்றே தனிச் சட்டம் வந்துவிட்டது, கல்லூரித் திட்டம்தானே என்ற சமாதானம் எடுபடாது.

மேலே இருப்பவர்களிடம் அலுவலர் காட்ட ஒரு காகிதம் வேண்டுமென்றால், மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு திறமூல மென்பொருள் கொள்கை இருக்கிறது. திறமூலத்துக்கு முன்னுரிமை கொடு, கொடுக்காவிட்டால் காரணம் சொல் என்பது அதன் சாரம். நேரடியாகப் பொருந்துவது மத்திய அரசுத் துறைகளுக்கும், ஏற்றுக்கொள்ளும் மாநிலங்களுக்கும்தான், எனவே அதை ஆணையாகக் காட்டாதீர்கள், முன்மாதிரியாகக் காட்டுங்கள். அதே ஆண்டில், அரசுப் பயன்பாடுகளின் நிரலைத் திறந்து கூட்டாக வளர்ப்பதற்கென்று இன்னொரு கொள்கையும் வந்தது. அந்த வழியில் வந்த ஓப்பன்ஃபோர்ஜ் தளம் இன்றும் இருக்கிறது. சென்னையில் மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கியதையும் சொல்லலாம். இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை.

திறப்பது என்றால் முதல் நாளிலிருந்து திறந்து வையுங்கள். முடிந்த பிறகு ஒரே மூட்டையாகக் கொட்டாதீர்கள். மத்திய அரசின் கொரோனா செயலியான ஆரோக்கிய சேது 2020 ஏப்ரலில் வந்தது, ஆண்ட்ராய்டு நிரல் மே மாதக் கடைசியில் வெளியானது. ஆனால் செயலிக்கு வந்த புதுப்பிப்புகள் திறந்த நிரலில் உடனுக்குடன் வரவில்லை என்று ஆர்வலர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திறந்ததன் பலனும் நம்பிக்கையும் பாதியாகிவிட்டன.

உரிமை யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளியுடையது. மாணவர் ஊழியர் இல்லை, எனவே எழுதியவரே முதல் உரிமையாளர். இன்னொரு பக்கம், அரசின் வழிகாட்டுதலில் உருவான படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அரசே உரிமையாளர் என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் கல்லூரிக்கு அறிவுசார் சொத்துக் கொள்கை என்று ஒன்று இருந்தால் அது மூன்றாவது தரப்பு. மூன்று பேருக்கும் இடையில் வழக்கு வராது என்று நினைப்பீர்கள், நானும் நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு ஒரு நகராட்சி இதை எடுத்துக்கொள்ள வந்தால், அவர்கள் சட்டப் பிரிவு கேட்கும் முதல் கேள்வி இதுதான். அவரவர் எழுதியது அவரவருக்கே, எல்லாரும் ஒரே திறமூல உரிமத்தில் தருகிறோம் என்று ஒரு பத்தி போதும். ரெப்போவின் (நிரல் கிடங்கின்) முதல் கமிட்டிலேயே (பதிவிலேயே) உரிமக் கோப்பு இருக்கட்டும். அது இல்லாத நிரலை ஊருக்கே காட்டினாலும், சட்டப்படி யாருக்கும் பயன்படுத்த அனுமதி கிடையாது.

எந்த உரிமம்? என் சாய்வு ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் பக்கம். உங்கள் நிரலை எடுத்து மாற்றி இணையச் சேவையாக ஓட்டுகிறவரும், பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த மாற்றங்களைத் தர வேண்டும் என்கிறது அது. பொதுக் காசிலும் மாணவர் உழைப்பிலும் வந்ததை ஒருவர் பூட்டி, அடுத்த பேரூராட்சிக்கு விற்பதை அது தடுக்கும். பிரிட்டனில் 2007-ல் தொடங்கி இன்றும் உள்ளாட்சிகள் பயன்படுத்தும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட், அதுவும் தெருப் புகார் மென்பொருள்தான், இதே உரிமத்தில்தான் இருக்கிறது.

ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்டை எடுத்து ஏன் தமிழ்ப்படுத்தக் கூடாது என்று மாணவர் ஒருவராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நம் நாட்டிலேயே ஈகவர்ன்மெண்ட்ஸ் ஃபவுண்டேஷனின் டிஜிட் தளத்தில் பொதுமக்கள் குறைதீர் தொகுதி ஒன்று திறமூலமாக இருக்கிறது. மாநில அளவில் ஓடக்கூடிய கனமான அமைப்பு. காஃப்கா, எலாஸ்டிக்சர்ச், குபர்னெட்டிஸ் என்று அது கேட்கும் கனமான சர்வர் மென்பொருள்களை ஒரு பேரூராட்சியால் தீனி போட்டு வளர்க்க முடியாது. ஆனாலும் முதல் இரண்டு வாரத்தை இவற்றை நிறுவிப் பார்த்து, நமக்கு ஏன் பொருந்தும், ஏன் பொருந்தாது என்று எழுதுவதற்கு ஒதுக்குங்கள். அடுத்து, தமிழக அரசின் 1100 உதவி மையம் ஏற்கெனவே புகார்களை வாங்குகிறது. இன்னொரு புகார்ப் பெட்டியைத் திறப்பதில் அர்த்தமில்லை. வந்த புகார், எந்த வழியில் வந்திருந்தாலும், அலுவலகத்துக்குள் யார் கையில் இருக்கிறது, முடிந்ததா என்று பார்க்கும் உள்வேலைக் கருவி மட்டும் செய்யுங்கள். இதில் இன்னொரு லாபம் உண்டு. பொதுமக்களுக்குத் திறக்கும் அரசுத் தளம் என்றால், அரசு சர்வரில் ஏற்றும் முன் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பாதுகாப்புத் தணிக்கைச் சான்று கேட்பார்கள். அதற்குச் செலவும் உண்டு, காலமும் பிடிக்கும். முதல் வருடம் அலுவலகத்துக்குள் மட்டும் ஓடட்டும். இரண்டாம் வருடம் தணிக்கையைப் பற்றி யோசிக்கலாம்.

இனி அஜைல். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். எல்லாரும் முழுநேரத் தொழில்முறை ஆட்கள். அதன் கொள்கைகளில் ஒன்று, வேலை தெரிந்தவர்களும் நிரலாளர்களும் தினமும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது. வாரத்துக்கு 6 மணி நேரம் உள்ள மாணவருக்குத் ஸ்டாண்ட்-அப் என்ற தினசரிக் குறுங்கூட்டம் வெறும் சடங்கு. அதை விடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு மூன்று வரி போதும். ஆனால் வேலை தெரிந்தவரோடு உட்காருவதை மட்டும் விடாதீர்கள். மற்றதெல்லாம் இல்லாமல் போனாலும் அது ஒன்று இருந்தால் அஜைல்தான்.

அந்த வேலை தெரிந்தவர் யார்? செயல் அலுவலர் என்று நினைப்பீர்கள். அவருக்கு நேரம் இல்லை, எந்த மாதமும் மாற்றலாகலாம். புகார்ப் பதிவேட்டை எழுதுகிற இளநிலை உதவியாளரும், தண்ணீர்க் குழாய்க்குப் போகிற ஃபிட்டரும், பம்ப் ஆபரேட்டரும்தான் உங்கள் ஆட்கள். உதவியாளரை ப்ராடக்ட் ஓனராக, அதாவது என்ன வேண்டும் என்று முடிவு செய்பவராக, வையுங்கள், அலுவலரிடமிருந்து அதற்கு ஒரு குறிப்பாணை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் உங்கள் பிள்ளைகளுக்காகச் செலவிடும் நேரம் கணக்கில் வராத கூடுதல் வேலையாகிவிடும், மூன்றாவது வாரம் முகம் சுருங்கும்.

முதல் ஸ்ப்ரிண்டில், அதாவது அஜைலின் முதல் வேலைச் சுற்றில், ஒரு வரி நிரலும் வேண்டாம். மாணவர்கள் இருவர் இருவராகப் போய் அலுவலகத்தில் உட்காரட்டும். என்ன தெரியவரும் என்று என் அனுபவத்திலிருந்து ஊகித்துச் சொல்கிறேன். பாதிப் புகார்கள் பதிவேட்டுக்கே வருவதில்லை. கவுன்சிலர் நேராக ஃபிட்டருக்கு போன் செய்கிறார், ஃபிட்டர் போய்ச் சரிசெய்துவிட்டு வருகிறார், காகிதத்தில் ஒன்றும் இல்லை. இதைப் பிழை என்று பார்க்கக் கூடாது, வேலை அப்படித்தான் நடக்கிறது. உங்கள் மென்பொருள் ஃபிட்டரை ஒவ்வொரு முறையும் எட்டுக் கட்டம் நிரப்பச் சொன்னால் அவர் தொடவே மாட்டார். மாலையில் உதவியாளரிடம் வாயால் சொல்ல, அவர் ஒரே திரையில் வரிசையாகப் பதியும்படி செய்தால் ஒருவேளை நடக்கும்.

ஸ்ப்ரிண்ட் இரண்டு வாரம். டெமோ கல்லூரி ஆய்வகத்தில் வேண்டாம், பேரூராட்சி அலுவலகத்தில், அவர்கள் கணினியில், அவர்கள் இணைய வேகத்தில். மவுஸை மாணவர் தொடக் கூடாது. உதவியாளர் தனியாகச் செய்து முடித்தால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. “ஒரே தெருவுல அஞ்சு பேர் தண்ணி வரலேன்னு சொன்னா நாங்க ஒண்ணாத்தான் எழுதுவோம்” என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார், உங்கள் தரவுத்தள வடிவமே மாறும். அது இரண்டாம் வாரம் வந்தால் ஒரு மாலை வேலை. எட்டாம் மாதம் வந்தால் சண்டை.

நாட்காட்டியைப் பார்த்து ஸ்ப்ரிண்ட் போடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள், அன்று போகாதீர்கள். மன்றக் கூட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும் வேண்டாம். மார்ச் மாதம் வரி வசூல், அப்போது எந்த அலுவலகத்திலும் உங்களுக்கு நாற்காலி கிடைக்காது. நவம்பரும் ஏப்ரலும் உங்கள் பக்கம் தேர்வு. ஆக ஜூலை முதல் அக்டோபர் நடு வரை ஒரு ஓட்டம், ஜனவரி, பிப்ரவரியில் இன்னொன்று. அவ்வளவுதான் உங்கள் வருடம். இதற்கு ஏற்றபடி பேக்லாக்கை, அதாவது செய்ய வேண்டியவற்றின் பட்டியலை, வெட்டுங்கள்.

24 பேரையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். இதுதான் நான் தரும் ஆலோசனைகளில் மிகவும் அடம்பிடிக்கிற ஒன்று. 12 பேர் ஜூலையில் தொடங்கட்டும். மீதி 12 பேர் ஜனவரியில், முதல் குழுவிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும். கூடவே இரண்டாம் ஆண்டு மாணவர் சிலரும். கைமாற்றுதல் என்பது முதல் வருடத்திலேயே, எழுதியவர்கள் இன்னும் வளாகத்தில் இருக்கும்போதே ஒருமுறை நடந்துவிடும். அதற்கு ஒரு பரீட்சை வையுங்கள். புதியவர் ஒருவர், வெறும் லேப்டாப், நிறுவும் முறை எழுதிய ரீட்மீ கோப்பு மட்டும். ஒரு மணி நேரத்தில் மென்பொருளை நிறுவி ஒரு புகாரைப் பதிய வேண்டும். எழுதிய சீனியர் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. முதல் முறை யாரும் தேற மாட்டார்கள். எங்கெல்லாம் நின்றார்களோ அங்கெல்லாம் ரீட்மீயைத் திருத்துவது அடுத்த ஸ்ப்ரிண்டின் முதல் வேலை.

தொழில்நுட்பத் தேர்வில் மாணவர்களோடு மோத வேண்டிவரும். சந்தையில் புதிதாக வந்ததையெல்லாம் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். நிரல் கட்டமைப்புக்கு ஜாங்கோவோ லாராவெல்லோ, தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ், ஒரே சர்வர், அவ்வளவுதான். உங்கள் ஊரில் ஒரு சிறு கணினி நிறுவனம் பராமரிக்கக்கூடியது எதுவோ அதுவே சரியானது. ரெஸ்யூமேக்கு வேறு திட்டம் செய்துகொள்ளட்டும்.

ஸ்ப்ரிண்ட் முடிந்ததும் நடந்ததை அலசும் ரெட்ரோ கூட்டத்துக்கு நீங்கள் போகாதீர்கள். நீங்கள் இருந்தால் எல்லாம் நன்றாகப் போகிறது என்ற பதில்தான் வரும். அவர்களே பேசி, மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எழுதித் தரட்டும். எழுதிய நிரலைச் சேர்க்கக் கேட்கும் புல் ரெக்வெஸ்ட்டில் நண்பனின் நிரலைக் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டு அனுப்பிவிடுவார்கள். குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்காமல் இணைக்கக் கூடாது என்று விதி வையுங்கள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரல் எழுதுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். எழுதியவர் விளக்க முடியாத வரி உள்ளே போகக் கூடாது, அவ்வளவே.

தமிழில் செய்கிறீர்கள் என்பதால் சிலவற்றை முன்பே சொல்லிவிடுகிறேன், வேறு எங்கும் எளிதில் கிடைக்காத தலைவலிகள் இவை. 2010 ஜூனில், செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக்கி அரசாணை வந்தது. ஆனாலும் அலுவலகத்தின் பழைய கோப்புகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அதை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். மாற்றிக்கொள்ள ஒரு சிறு நிரல் தேவைப்படும், ஒரு மாணவருக்கு அழகான தனி வேலை அது. அடுத்து, கௌரி என்ற பெயரை ‘ௌ’ போட்டும் தட்டலாம், ‘ெ’ என்ற கொம்போடு ‘ள’ சேர்த்தும் தட்டலாம். திரையில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ‘ஸ்ரீ’யிலும் இதே கூத்து, ‘ஸ’ வழியாக ஒன்று, ‘ஶ’ வழியாக ஒன்று. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், இரண்டாகப் பிரிந்தும் வரும். சேமிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் வேண்டாம். பெயர், இனிஷியல், போதும். கதவு எண்ணுக்குப் பழையது, புதியது என்று இரண்டு இடம் வேண்டும். தெருவுக்கு அரசுப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று, இரண்டையும் தேட முடிய வேண்டும். அப்புறம், அச்சு. பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகிற அறிக்கை இப்போது எந்த வடிவில் போகிறதோ அதே வடிவில், அதே தாளில் அச்சாக வேண்டும். இதைச் செய்து கொடுத்த அன்று உதவியாளர் உங்கள் கட்சிக்கு வந்துவிடுவார். வண்ண வண்ண டாஷ்போர்டால் அது நடக்காது.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். கமிட் எண்ணிக்கையையும், வேலையின் பளுவுக்குப் போடும் ஸ்டோரி பாயிண்டையும் அளக்காதீர்கள். அளந்தால் ஒரு வரியை ஏழு கமிட்டாக உடைப்பார்கள், பாயிண்ட் வீங்கும். மற்றவர் நிரலைப் படித்து அவர் எழுதிய விமர்சனம், தான் எழுதாத பகுதியில் சரிசெய்த பிழை, ஜூனியர் பயன்படுத்தித் தேறிய ஆவணம், அலுவலகத்தில் கவனித்து எழுதிய குறிப்பு, இந்த நான்குக்கும் எடை கொடுங்கள். நிரலே எழுதாமல் சோதனையும் பயிற்சியும் மட்டும் செய்த மாணவருக்கும் முழு மதிப்பெண் வர வழி இருக்கட்டும். பாட விளைவுகளைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்தும் சி.ஓ., பி.ஓ. மேப்பிங்குக்கு நீங்கள் தனியாக அவதிப்படுவீர்கள் என்று தெரியும். சமூகப் பொறுப்பு, குழுப் பணி, தொடர்பாடல் என்று வழக்கமாக எதையாவது கதைகட்டி நிரப்பும் கட்டங்கள் இந்த முறை தானாகவே உண்மையாக நிரம்பும், அந்த ஆறுதல் உண்டு.

கடைசியாக, அந்தத் திங்கட்கிழமை போன். மூன்று ஏற்பாடுகள் என் அனுபவத்தில் ஓரளவு நின்றிருக்கின்றன. கல்லூரியிலேயே ஒரு சிஸ்டம் அட்மினுக்கு வேலை விவரத்தில் இதையும் சேர்ப்பது ஒன்று. உங்கள் பழைய மாணவர் நடத்தும் சிறு நிறுவனம் ஏதாவது உள்ளூரில் இருந்தால், பேரூராட்சி அவர்களோடு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவது இன்னொன்று. நிரல் திறந்திருப்பதால் அந்த நிறுவனம் சரியில்லை என்றால் அடுத்த ஆளிடம் போகலாம், யாரும் யாரையும் பிணை வைக்க முடியாது. அலுவலருக்குப் பிடிக்கும் வாதம் இது, முன்பு ஒரு ஒப்பந்தக்காரர் சோர்ஸ் கோடு தராமல் போன கதை எந்த அலுவலகத்திலும் ஒன்று இருக்கும். மூன்றாவது, இரண்டும் இல்லாதபோது, மென்பொருள் செத்தாலும் அலுவலகம் சாகாத ஏற்பாடு. எல்லாத் தரவும் ஒரே பொத்தானில் எக்செல்லாக வெளியே வர வேண்டும், முதல் ஆறு மாதம் காகிதப் பதிவேடும் கூடவே ஓட வேண்டும்.

எதுவாக இருந்தாலும், அதை மன்றத் தீர்மானமாக வாங்குங்கள். அலுவலரோடு கைகுலுக்கி வந்த ஒப்பந்தம் அவருடைய மாறுதல் ஆணையோடு போய்விடும், தீர்மானம் பதிவேட்டில் நிற்கும். யார் எதற்குப் பொறுப்பு, உரிமம் என்ன, பராமரிப்புக்கு வருடத்துக்கு எவ்வளவு, கல்லூரி எந்தத் தேதியில் விலகும், இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கும். ஜூலையில் மாணவர்களை இறக்க வேண்டுமென்றால் ஜூன் மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இது இருக்க வேண்டும். எனவே அலுவலரை இந்த வாரமே பாருங்கள், போகும்போது அந்த இளநிலை உதவியாளரையும் சந்தித்துவிட்டு வாருங்கள்.